தலையாட்டக் கூடாது என்பது விதி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை யாரும் என்னிடம் சொல்லவில்லை, என் மனைவியிடம் சொன்னார்கள். அவளுடைய தோழி ஒருத்தி சட்டக் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு இதை ஆரம்பித்தாள். நான் பக்கத்து நாற்காலியில் கைபேசியை நோண்டுவதுபோல நடித்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். கதை சூடுபிடித்த நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. யாரோ பக்கத்து வீட்டுப் பார்சலை எங்கள் வீட்டில் கொடுக்க வந்திருந்தார். அவருக்கு விலாசத்தை விளக்கி அனுப்பிவிட்டுத் திரும்பினால் கதை முடிந்துவிட்டிருந்தது. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். தோழி கண்ணையும் துடைத்துக்கொள்கிறாள்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, நீங்க போனைப் பாருங்க" என்றாள் மனைவி.

இதுதான் இந்தக் கதையின் பிறப்பு. எனக்கு வயிறு எரிந்தது. எழுதுகிறவன் நான். என் கதைகளைப் பற்றி வீட்டுக்கு வருகிறவர்கள் "படிக்கணும், நேரமே கிடைக்க மாட்டேங்குது" என்பார்கள். என் மனைவி மளிகைக் கடையில் நடந்ததைச் சொன்னால்கூட "அப்புறம்?" என்று வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். இப்போது ஒரு முழுக் கதையும் முடிவோடு சேர்த்து அவளிடம் இருக்கிறது. தோழியிடம் அனுமதி வாங்கிவிட்டேன். மனைவியிடம் முடிவைக் கேட்டால், நான் எழுதி முடித்த பிறகு சொல்கிறாளாம்.

ஆகவே, வாசகரே, முடிவு தெரியாமல்தான் ஆரம்பிக்கிறேன்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

(அ) கல்லூரியின் இரண்டாவது மாடியில், ஆசிரியர்கள் கூடிப் பேசும் அறையில், நீளமான மேசையைச் சுற்றி [நிறுத்திவிட்டேன். மேசை பின்னால் முக்கியமாக வரப்போகிறது, இப்போதே காட்டிவிட்டால் கெட்டுவிடும்.]

(ஆ) சட்டக் கல்வி என்பது காலத்துக்கேற்ப [மன்னிக்கவும்.]

(இ) ஷரத்துவுக்குத் தன் அண்ணியைப் பிடிக்காது.

மூன்றாவதை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். கதை முதல் வரியிலேயே பிடித்துக்கொள்ளும். ஆனால் அது பொய். ஷரத்துவுக்கு அண்ணியை ரொம்பப் பிடிக்கும், சிக்கலே அதுதான். பிடிக்காதவர்மேல் வரும் பொறாமையைத் திட்டித் தீர்த்துவிடலாம். பிடித்தவர்மேல் வருவது உயிரை வாங்கும். அவர் சிரித்தால் நமக்கும் சிரிப்பு வரும், சிரித்து முடித்ததும் எரியும்.

ஆகவே தொடக்கம் இது: ஷரத்துவுக்குத் தன் அண்ணியை ரொம்பப் பிடிக்கும்.

3

ஷரத்து என்பது மாணவர்கள் வைத்த பெயர். அவள் முதலாண்டுக்கு ஒப்பந்தச் சட்டம் எடுக்கிறாள். யார் என்ன சந்தேகம் கேட்டாலும் "ஷரத்தைப் படி" என்பாள், அதாவது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிற நிபந்தனையை. படித்துவிட்டேன் என்றால் "மறுபடி படி" என்பாள். சலவைக் கடை ரசீதின் பின்பக்கத்தில், சட்டை தொலைந்தால் கடைக்காரர் பொறுப்பல்ல என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும் அல்லவா, அதை ஒரு வாரம் முழுக்கப் பிரித்துப் பிரித்து நடத்துவாள். அந்தச் சலவை ரசீது வகுப்பு கல்லூரியில் பிரசித்தம் என்பது அவளுடைய எண்ணம். பட்டப்பெயர் முதல்முறை காதில் விழுந்தபோது, வெளியே முறைத்துவிட்டு உள்ளூரக் குளிர்ந்துபோனாள்.

அண்ணி, அவளுடைய அண்ணன் மனைவி. வெகுகாலம் நீதிமன்றத்தில் வக்கீலாக இருந்தவர். கல்லூரியில் ஓர் இடம் காலியானபோது முதல்வரிடம் போய், "எங்க அண்ணி இருக்காங்க சார், பிரமாதமா சொல்லிக் குடுப்பாங்க" என்று சிபாரிசு செய்தது சாட்சாத் ஷரத்துதான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான்.

இரண்டு குடும்பமும் ஒரே வீடு. மாடியில் ஷரத்து, கீழே அண்ணனும் அண்ணியும் அம்மாவும். அண்ணி வயதில் இளையவர். ஆகவே அவர் இவளை அக்கா என்பார், உறவுமுறைப்படி இவள் அவரை அண்ணி என்பாள். ஆளுக்கு ஆள் மற்றவரைப் பெரியவராக்கி வைத்திருக்கிற வீடு அது. கல்லூரிக்குள் நுழைந்தால் இருவருமே மேடம்.

[இங்கே அண்ணியின் அழகைப் பற்றி ஒரு பத்தி எழுதி நீக்கிவிட்டேன். பொறாமை என்றதும் அழகு என்று என் கை தானாகப் போய்விட்டது. தோழி அப்படி ஒன்றும் சொல்லவில்லை.]

அவள் சொன்னது அம்மாவைப் பற்றி. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஷரத்து மாலையில் கீழே வந்ததும், "வலி கொறஞ்சிருக்கும்மா, மாத்திரை போட்டுட்டல்ல?" என்பாள். அம்மா "உம்" என்பார். கொஞ்ச நேரம் கழித்து அண்ணி வந்து, "இன்னிக்கு எப்படி இருந்துச்சு அத்தை?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிடுவார். அம்மா வலியில் தொடங்கி, மாத்திரையைக் குப்பையில் போட்டது வரைக்கும், செத்துப்போன அப்பா கனவில் வந்து வைதது வரைக்கும் கொட்டித் தீர்ப்பார். ஒருநாள் ஷரத்து அம்மாவிடம் கேட்டேவிட்டாள், என்னிடம் ஏன் இதெல்லாம் சொல்வதில்லை என்று.

"அவ கேக்குறா. நீ பதிலையும் சேத்து நீயே சொல்லிடுற" என்றார் அம்மா.

ஷரத்து மாடிக்குப் போய்த் துணி மடித்தாள். மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள்.

4

கல்லூரியிலும் அண்ணி எடுப்பது இதைத்தான். மூன்றாம் ஆண்டுக்கு 'கட்சிக்காரரிடம் பேசுதல்' என்று ஒரு விருப்பப் பாடம். மாணவர்கள் இருவர் இருவராக உட்காருவார்கள். ஒருவர் கட்சிக்காரர், அவர் மனதில் ஒரு பிரச்சினையை ஒளித்துவைத்திருப்பார். மற்றவர் வக்கீல், கேட்டுக் கேட்டு அதை வெளியே கொண்டுவர வேண்டும். நிபந்தனை ஒன்றுதான்: கேள்விக்குள் பதிலை வைக்கக் கூடாது. "அவர் உங்களை மிரட்டினார், இல்லையா?" என்று கேட்கக் கூடாது, "அப்புறம் என்ன நடந்தது?" என்று கேட்க வேண்டும். வக்கீல்கள் முதல் வகைக்கு லீடிங் கொஸ்டின் என்பார்கள். எதிராளியின் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது அது ஆயுதம். சொந்த ஆளிடம் கேட்டால் ஆட்சேபணை எழும்.

இப்போது ஃபோகஸ் குரூப். அது என்னவென்று தெரிந்தவர்கள் அடுத்த பகுதிக்குத் தாவலாம். [தாவ வேண்டாம், விதிகள் இங்கேதான் இருக்கின்றன.]

கல்லூரியில் முன்பெல்லாம் செமஸ்டர் முடிவில் ஒரு படிவம் கொடுப்பார்கள். மாணவர்கள் பையை மாட்டிக்கொண்டே 'மிக நன்று' என்ற பத்திக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக இழுத்துவிட்டுப் போவார்கள். ஒருமுறை செமஸ்டர் முழுவதும் விடுப்பில் இருந்த ஆசிரியருக்கு எல்லாரையும்விட அதிக மதிப்பெண் விழுந்தது. முதல்வர் நொந்துபோய்ப் படிவத்தை நிறுத்தினார். அதற்குப் பதிலாக, மூன்றாம் ஆண்டில் எட்டு எட்டுப் பேராக உட்காரவைத்துப் பேசவிடுவது, அவர்கள் சொல்வதைக் கொண்டு பாடத்திட்டத்தைத் திருத்துவது என்று முடிவானது. அதுதான் ஃபோகஸ் குரூப்.

விதிகள்: மாணவர்களுக்குப் பெயர் கிடையாது, முன்னால் எண் அட்டை இருக்கும். எல்லாம் ஒலிப்பதிவாகும், ஒருவர் மூலையில் குறிப்பெடுப்பார். அங்கே பேசியது அறிக்கைக்கு முன் வெளியே போகக் கூடாது. குழுவை நடத்துகிறவர் கேட்கலாம், கருத்துச் சொல்லக் கூடாது. முக்கியமாகத் தலையாட்டக் கூடாது. ஒரு பதிலுக்குத் தலையாட்டினால், அடுத்த ஏழு பேரும் அந்தத் தலையாட்டலுக்காகவே பதில் சொல்வார்கள். முடிக்கும்போது தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "நாங்க கேக்காம விட்டது ஏதாவது இருக்கா?"

பாடத்திட்டக் குழுவின் முன் ஒரு யோசனை இருந்தது. ஒப்பந்தச் சட்டத்தை இரண்டு செமஸ்டரிலிருந்து ஒன்றாகக் குறைப்பது, காலியாகும் இடத்தில் அண்ணியின் பாடத்தை எல்லாருக்கும் கட்டாயமாக்குவது. மாணவர்கள் என்ன சொல்கிறார்களோ அதன்படி. சலவை ரசீது இரண்டாவது செமஸ்டரில்தான் வருகிறது என்பதை ஷரத்து யாருக்கும் நினைவூட்டவில்லை.

குழுவை நடத்த ஆள் தேடினார்கள். அந்த மாணவர்களுக்கு இப்போது பாடம் எடுக்கிறவர் நடத்தக் கூடாது என்பது ஷரத்து. அண்ணி எடுக்கிறார், முடியாது. ஷரத்து முதலாண்டுக்கு மட்டுமே எடுக்கிறாள், முடியும். அவளுடைய பாடத்தின் தலையே உருளப்போகிறது என்பதற்குத் தடை எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. அவள் ஷரத்தைப் படித்தாள். மறுபடி படித்தாள். கையைத் தூக்கினாள்.

5

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு தெரிந்த ஒருத்தி இவ்வளவு அப்பட்டமாகப் போய் உட்காருவாளா? விலகிக்கொள்ள வேண்டும் என்று தோன்றாதா? பாத்திரம் நொண்டுகிறதோ என்று இரண்டு நாள் எழுதாமல் கிடந்தேன்.

அப்புறம் யோசித்தேன். பக்கத்து வீட்டுப் பார்சலுக்கு எழுந்து போய் முடிவைக் கோட்டை விட்டவன், அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்மேல் இன்றுவரை கோபமாக இருக்கிறேன். அவருக்கு ஒரு பாவமும் தெரியாது. பொறாமை வந்தவன் நியாயம் தெரியாதவன் அல்ல. நியாயத்தை நன்றாகத் தெரிந்துவைத்துக்கொண்டு, அதில் தனக்கு வேண்டிய ஓட்டையைத் தேடுகிறவன். ஒப்பந்தச் சட்டம் எடுக்கிறவளுக்கு ஓட்டை கிடைக்காமலா போகும்.

அவள் ஒத்திகையும் பார்த்தாள். இதைச் சொல்லும்போது தோழி முகத்தை மூடிக்கொண்டாள் (ஷரத்து யாரென்று இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்), ஆகவே இது உண்மை. படுக்கையறைக் கண்ணாடி முன் நாற்காலியைப் போட்டு, அண்ணி உட்காருவதுபோல உட்கார்ந்து பார்த்தாள். முழங்கை மேசைமேல், கன்னம் கைமேல், தலை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து. பேசாமல் இருக்கிற அந்த முகம் மட்டும் வரவில்லை. அண்ணி பேசாமல் இருந்தால் கேட்பதுபோல இருக்கும். இவள் பேசாமல் இருந்தால் தீர்ப்பு எழுதுவதுபோல இருந்தது.

6

இப்போது மேசை.

நீளமான மேசை. நடுவில் ஒலிப்பதிவுக் கருவி, அதன் பக்கத்தில் ஒரு தட்டு பிஸ்கட். யாரும் தொடவில்லை. எட்டு மாணவர்கள், எட்டு எண்கள், எட்டுப் பேருமே அண்ணியின் பாடத்தை எடுத்தவர்கள். மூலையில் நூலகர் குறிப்பெடுக்க உட்கார்ந்திருக்கிறார். ஷரத்து கண்ணாடியில் பழகியபடி முழங்கையை ஊன்றிக் கன்னத்தைத் தாங்கி உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் நன்றாகவே போனது. நூலகத்தைச் சீக்கிரம் மூடிவிடுகிறார்கள் என்றார்கள், நூலகர் குனிந்துகொண்டே எழுதினார். தேர்வு முழுக்க மனப்பாடம் என்றார்கள். அடுத்து, வெளியே பயிற்சிக்குப் போனபோது எந்தப் பாடம் கைகொடுத்தது என்று ஷரத்து கேட்டாள். ஒழுங்கான, திறந்த கேள்வி.

"கட்சிக்காரர்கிட்ட பேசறது" என்றது மூன்று. அதேதான் என்றது ஆறு. ஐந்தும் எட்டும் ஆமாம் போட்டன. நான்காம் எண் ஒரு வக்கீலிடம் விடுமுறையில் பயிற்சிக்குப் போன பையன். அங்கே வந்த ஒரு பெண்மணி பெரிய வக்கீலிடம் வாயே திறக்கவில்லையாம். இவன் தண்ணீர் கொடுத்துவிட்டு "அப்புறம் என்ன ஆச்சும்மா?" என்று மட்டும் கேட்டானாம். வழக்கையே மாற்றிப்போடுகிற சங்கதி அதில்தான் வெளியே வந்ததாம். சொல்லும்போது அவன் முகமே வேறாக இருந்தது.

ஷரத்து தலையாட்டவில்லை. கழுத்தை அப்படிப் பிடித்துவைத்திருந்தாள். இந்தக் கல்லூரியில் இத்தனை வருடம் இருந்திருக்கிறாள். தன் பாடத்தைச் சொல்லும்போது எந்த முகமும் இப்படி ஆனதை அவள் பார்த்ததில்லை.

"முதல் வருஷப் பாடமெல்லாம்?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாக வந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

"ஒப்பந்தத்துக்கு ஒரு செமஸ்டர் போதும்னு தோணுது மேடம்" என்றது ஒன்று, கொஞ்சம் தயங்கிவிட்டு. "ரெண்டாவதுல அந்தச் சலவை ரசீதுலயே நின்னுட்டோம்."

[இங்கே ஒரு வரி எழுதியிருந்தேன்: 'அவளுக்குள் ஏதோ' என்று. ஏதோ எல்லாம் இல்லை. அவமானமாக இருந்தது, எரிந்தது.]

அப்போதுதான் அவள் கேட்டாள். "ஆனா, அந்தப் பேசற வகுப்புல சட்டம்னு பாத்தா பெருசா ஒண்ணும் இல்லைன்னு உங்களுக்குத் தோணலையா?"

டொக்.

நான்காம் எண் விரல் முட்டியால் மேசையை ஒரு தட்டுத் தட்டியிருந்தான். தட்டிவிட்டுத் தன் கையைத் தானே திகைத்துப் பார்த்தான். "சாரி மேடம். பழக்கம்."

என்ன பழக்கம் என்று கேட்டாள். எல்லாரும் சேர்ந்து விளக்கினார்கள். அண்ணியின் வகுப்பில் யார் கேள்விக்குள் பதிலை ஒளித்துவைத்துக் கேட்டாலும் சுற்றியிருப்பவர்கள் மேசையைத் தட்ட வேண்டும். திட்டு கிடையாது, மதிப்பெண் குறைப்பு கிடையாது, ஒரு தட்டு, அவ்வளவுதான். கேட்டவர் கேள்வியைத் திருத்திக்கொண்டு தொடர வேண்டும். அண்ணியே தப்பாகக் கேட்டால் அவருக்கும் தட்டு விழும். இது அந்த வகுப்புக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

இங்கே நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பாள். பொறாமை யாரை நிறுத்தவிட்டிருக்கிறது.

"இந்தத் தட்டறதெல்லாம் கொஞ்சம் சின்னப்பிள்ளைத்தனமா இல்ல?" என்றாள்.

டொக் என்று எட்டு கைகளும் ஒன்றாக விழுந்தன. பிஸ்கட் தட்டு குதித்தது. மூலையில் நூலகர் பேனாவை நிறுத்திவிட்டு, சிரிப்பை அடக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.*

ஷரத்துவின் முகத்தில் ஈயாடவில்லை. அதுவரை வாயே திறக்காத ஏழாம் எண், மெதுவாக, அவளைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள்: "மேடம், நீங்க அவங்க மாதிரியே உக்காந்திருக்கீங்க. அதான் எங்களுக்கு கை வந்துடுச்சு."

ஷரத்து கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. விதிப்படி கடைசிக் கேள்வியைக் கேட்டாள், நாங்கள் கேட்காமல் விட்டது ஏதாவது இருக்கிறதா என்று. பிறகு இரண்டாம் எண், பிஸ்கட் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான்.

* நூலகர் இதை எப்படிக் குறிப்பில் எழுதினார் என்றால், '[மேசை தட்டும் ஒலி]'. கொஞ்சம் கீழே மறுபடியும், '[மேசை தட்டும் ஒலி, பலமாக]'. இந்த இரண்டு வரிகளை மறந்துவிடாதீர்கள்.

7

இதுவரை எழுதியதை மனைவியிடம் காட்டினேன். அவள் சோபாவின் அதே மூலையில் உட்கார்ந்து படித்தாள். இரண்டு இடத்தில் சிரித்தாள். எந்த இடம் என்று எட்டிப் பார்த்தேன், இரண்டும் அம்மா வருகிற இடம். அந்த வசனத்தை நான் எழுதவில்லை, தோழி சொன்னதை அப்படியே போட்டிருக்கிறேன்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"எனக்கு அண்ணியைப் பிடிச்சிருக்கு."

இதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல. ஷரத்துவுக்காகப் பக்கம் பக்கமாக மாய்ந்து மாய்ந்து எழுதியிருக்கிறேன், அவளுடைய படுக்கையறைக் கண்ணாடிவரை போயிருக்கிறேன். அண்ணி இந்தக் கதையில் இதுவரை பேசியது ஒரே ஒரு வரி. அதற்குள் அவர் ஜெயித்துவிட்டார்.

"இல்ல, ஷரத்து பாவம்தானே? அவளோட வலி உனக்கு நல்லாப் புரியுதுதானே?" என்றேன்.

என் மனைவி, கையில் இருந்த பேனாவால் சோபாவின் கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டினாள்.

8

முடிவு எனக்குத் தெரியாது என்பதால், முடிந்தவரை நானே சில முடிவுகள் செய்துபார்த்தேன். நிலவரம் இதுதான்: ஒலிப்பதிவையும் நூலகரின் குறிப்பையும் வைத்து ஷரத்து அறிக்கை எழுத வேண்டும். மறுநாள் முதல்வரிடம் போக வேண்டும். ஒலிப்பதிவை யாரும் போட்டுக் கேட்கப் போவதில்லை, அறிக்கையைத்தான் படிப்பார்கள். மாணவர்கள் பாராட்டிப் பேசியது பெரிய விஷயமல்ல, எந்தப் பாடத்தையும் நாலு பேர் பாராட்டுவார்கள். ஆனால் அந்தத் தட்டு வேறு. ஒரு பாடம் மாணவர்களின் கைக்குள் போய், வேறோர் ஆசிரியை முன்னாலேயே அவர்களை அறியாமல் வெளியே வந்திருக்கிறது. அதைவிடப் பெரிய அத்தாட்சி எந்தப் பாடத்திட்டக் குழுவுக்கும் வேண்டாம். அந்த இரண்டு அடைப்புக்குறி வரிகள் இருந்தால் இரண்டாவது செமஸ்டர் அண்ணிக்குப் போகும். எடுத்துவிட்டால் ஷரத்துவிடமே தங்க வாய்ப்பு உண்டு. மேசை சத்தத்தை எடுத்ததற்கு யார் கேள்வி கேட்கப்போகிறார்கள்?

முடிவு ஒன்று. அவள் எடுத்துவிடுகிறாள். யாருக்கும் தெரியவில்லை. அம்மாவின் முழங்காலைப் பற்றி மட்டும் அதன் பிறகு அவள் [முடிக்கவில்லை. தண்டனை கொடுக்க முழங்காலைத் தேடிப் போகிற எழுத்தாளனை எனக்கே பிடிக்கவில்லை.]

முடிவு இரண்டு. அவள் உள்ளது உள்ளபடி எழுதி, பாடத்தைத் தாரைவார்த்துவிட்டு, பெருந்தன்மையோடு அண்ணியை நோக்கி [பெருந்தன்மை என்று எழுதியதும் பேனா வழுக்கிவிட்டது. இவள் அந்த ஆள் இல்லை.]

முடிவு மூன்று. அவள் இரண்டு வரிகளையும் வைத்துக்கொண்டு கீழே ஒரு விளக்கம் சேர்க்கிறாள்: 'மாணவர்கள் உற்சாக மிகுதியில் மேசையைத் தட்டினர்.' பொய்யும் அல்ல, உண்மையும் அல்ல. பூசி மெழுகுவதில் கைதேர்ந்த ஒரு தொழிலில் இருப்பவளுக்குப் பொருந்துகிறது. இதைத்தான் முடிவாக வைக்க இருந்தேன். இது நல்ல முடிவு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அதையும் எழுதிக் காட்டினேன். மனைவி படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்துவைத்தாள். "அவ்வளவுதானா? சரி, இப்ப நான் சொல்றேன்" என்றாள்.

9

அன்று சாயங்காலம் ஷரத்து நூலகரின் குறிப்பைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மாடிப்படியின் நாலாவது படியில் அண்ணி உட்கார்ந்திருந்தார். அவர் அப்படி உட்காருகிறவர் அல்ல. துணி காயப்போட வந்தவர்போல ஒரு வாளி பக்கத்தில் இருந்தது, வாளி காலி.

அண்ணி நகர்ந்து வழிவிடவில்லை. என்ன சொன்னார்கள் என்று கேட்கவும் கூடாது, விதி அவருக்கும் தெரியும். வாளியின் கைப்பிடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தாங்க முடியாமல் கேட்டார்:

"பசங்க உங்க பாடத்தைத்தான் தலையில தூக்கி வச்சு ஆடியிருப்பாங்க, அப்படித்தானக்கா? என் வகுப்புல எவனைக் கேட்டாலும் ஷரத்து மேடம் இப்படிச் சொல்லுவாங்க, ஷரத்து மேடம் அப்படிச் சொல்லுவாங்கன்னுதான் ஆரம்பிப்பான். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சலே வந்துடுச்சு. என்னைப் பத்தி வாயே தொறந்திருக்க மாட்டாங்க, இல்ல?"

ஷரத்து கீழ்ப்படியில் நின்றுகொண்டு அண்ணியைப் பார்த்தாள். அம்மாவையும் மாணவர்களையும் கட்சிக்காரர்களையும் பேசவைக்கிற வாய், பதிலையும் சேர்த்துத் தானே கேட்டுக்கொண்டிருந்தது. அந்த முகத்தில் இருந்ததைக் கண்ணாடியில் பார்த்த பழக்கம் அவளுக்கு இருந்தது.

அவள் தலையாட்டவில்லை. விதி. படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினாள்.

டொக்.

அண்ணியின் கை வாளியின்மேல் அப்படியே நின்றது. "இதை உங்களுக்கு யார் சொன்னா?" என்றார்.

10

இத்துடன் மனைவி நிறுத்திவிட்டாள்.

எனக்கு இரண்டு கோபம். முதலாவது, இது என்னுடைய மூன்றாம் முடிவைவிட நன்றாக இருக்கிறது. இவ்வளவு நன்றாக இருப்பதால் சந்தேகமாகவும் இருக்கிறது. காலி வாளி தோழி சொன்னதா, இவள் சேர்த்ததா? கேட்டால் சிரிக்கிறாள். என் மேசையில் வாரக்கணக்காக உட்கார்ந்து எனக்கு வராத ஒரு வாளி, சோபாவில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே இவளுக்கு எப்படி வந்தது?

இரண்டாவது, அறிக்கை என்ன ஆயிற்று? பாடம் யாருக்குப் போயிற்று? அதைத் தோழியிடம் இவள் கேட்கவே இல்லையாம். "அதுக்கப்புறம் கேக்கத் தோணலை" என்கிறாள். எனக்குத் தோன்றியிருக்கும். நான் கேட்டிருப்பேன். அதனால்தான் யாரும் என்னிடம் எதுவும் சொல்வதில்லை போலிருக்கிறது.

ஆனால் ஒன்று எனக்குப் புரிகிறது. அந்தத் தட்டுக்கு முன்புவரை, அந்த இரண்டு வரிகளை எடுத்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தட்டிய பிறகு, அந்தக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று தெரிந்த ஓர் ஆள் வீட்டின் கீழ்த்தளத்தில் உருவாகிவிட்டார். இனி எடுத்தால் அண்ணிக்குத் தெரியும். சட்டம் படித்த ஷரத்துவுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்தேதான் தட்டினாளா? அண்ணியின் முகத்தைப் பார்த்ததும், தன் இரண்டாவது செமஸ்டரைக் கையெழுத்து இல்லாமலே எழுதிக் கொடுத்துவிட்டாளா? அல்லது நான்காம் எண் பையனைப்போல, ஒரு தப்பான கேள்வி காதில் விழுந்ததும் கை தானாகப் போய்விட்டதா? அப்படியானால் அந்த ஒரு மணி நேரத்தில் அவளும் அண்ணியின் மாணவியாகிவிட்டாள், அதை அவள் தாங்கிக்கொள்வாளா?

இந்த முடிவு என் கையில் இல்லை. இப்போது நீங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்கள் முன்னால் எண் அட்டை இருக்கிறது. நான் முழங்கையை ஊன்றிக் கன்னத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறேன். முகம் தீர்ப்பு எழுதுவதுபோல இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அது என் முகம்.

அவள் ஏன் தட்டினாள்?

நான் தலையாட்ட மாட்டேன். என் மனைவி சொன்ன முடிவைவிட என்னுடைய மூன்றாவது முடிவுதான் உங்களுக்குப் பிடித்தது, இல்லையா?

சரி, கேட்டது. எல்லாரும் ஒன்றாகத் தட்ட வேண்டியதில்லை.